எல்லையோரத்து சர்வே கற்கள்: சித்தூர், கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி பக்கம் தேடுறவங்க இருக்கீங்களா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஜியோகேச்சிங்ல, அதாவது ஒருத்தர் ஒளிச்சு வச்ச பெட்டியை (கேச்) ஜிபிஎஸ் வச்சுத் தேடுற விளையாட்டுல, எனக்குப் பெட்டி தேடுறதை விட பழைய சர்வே குறிகளைத் தேடுறதுலதான் மனசு போகுது. பெட்டியை ஒருத்தர் நாம தேடணும்னே ஒளிச்சு வச்சிருப்பாரு. சர்வே குறி அப்படியில்லை. நூறு வருஷத்துக்கு முன்னாடி யாரோ வேலைக்காக வெட்டினது. மழை, வெயில், ஆடு, மாடு, ஜேசிபி எல்லாத்தையும் தாண்டி அது இன்னும் இருக்கான்னு பார்க்கிறதுல ஒரு தனி சந்தோஷம்.

நம்ம பக்கத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. 1949 வரைக்கும் சித்தூர் தாலுகா (இப்போ கேரளத்துப் பாலக்காடு ஜில்லா) கொச்சி சமஸ்தானம். மேற்கே பாலக்காடு, மதராஸ் மாகாணத்து மலபார் ஜில்லா. கிழக்கே பொள்ளாச்சி, அதே மாகாணத்து கோயமுத்தூர் ஜில்லா. இன்னைக்கு மாநில எல்லைன்னு நாம தாண்டிப் போற கோட்டுல பல இடம் அன்னைக்கு ராஜா சீமைக்கும் வெள்ளைக்காரன் சீமைக்கும் நடுவே ஓடினது. அதனால சாதாரண கிராமத்துல இருக்கிறதை விட இங்கே கல்லு அதிகம், கல்லுல வகையும் அதிகம்.

பழைய டோப்போ ஷீட்டுல, அதாவது சர்க்கார் நில வரைபடத்துல, 58 பி/13, 58 பி/14 ரெண்டும்தான் நமக்கு வேண்டியது. நடுவில புள்ளி வச்ச முக்கோணம், பக்கத்துல உயரம் போட்டிருந்தா அது முக்கோண அளவை நிலையம். 'பி.எம்.'னு போட்டு உயரம் எழுதியிருந்தா மட்டக் குறி. இதை வச்சுத்தான் நான் தேடுறேன்.

போன மாசம் கடலைக்காட்டுக்கு நடுவே இருக்கிற ஒரு பாறைக் கரட்டுல ஒரு குறி பார்த்தேன். உச்சியில ஆள் உட்கார்ற அளவுக்கு ஒரு சமதளம். அதுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். வட்டத்துக்கு நட்டநடுவே ஆணி முனை மாதிரி ஒரு குழி. பாசி படிஞ்சு கண்ணுக்கே தெரியலை. சாயங்கால வெயில் சாய்வா விழுந்தப்போதான் வட்டத்தோட ஓரம் நிழல் கட்டுச்சு. கொஞ்சம் அரிசி மாவைத் தூவி, கையால மேலாகத் தடவினதும் முழுசா எழும்பி வந்துச்சு. சுத்திலும் சிதறின கல்லு நிறைய. ஒரு காலத்துல குவிச்சு வச்சிருந்த மாதிரி தெரியுது.

ரெண்டு கேள்வி. இது என்ன வகைக் குறி? பக்கத்துல ஒரு கேச் வைக்கலாமா?

கோவை கேச்சர்

அண்ணா, செம! இந்த மாதிரி ஒரு இழைக்குத்தான் காத்திருந்தேன்.

புதுசா வர்றவங்களுக்குச் சின்னதா சொல்லிடறேன். 2000 மே 2-ஆம் தேதி அமெரிக்கா ஜிபிஎஸ் சிக்னல்ல வேணும்னே கலந்து வச்சிருந்த பிழையை எடுத்துட்டாங்க. மறுநாளே ஆரிகன் மாநிலத்துல ஒருத்தர் காட்டுல ஒரு வாளியை வச்சு அதோட இடத்தை இணையத்துல போட்டாரு. ஜியோகேச்சிங் அங்கேதான் ஆரம்பம். கொஞ்ச காலத்துலயே பெட்டியோட சேர்த்து சர்வே குறிகளையும் தேட ஆரம்பிச்சாங்க. அங்கே அரசாங்கமே ஒவ்வொரு குறிக்கும் விவரத் தாள் போட்டு எல்லாரும் பார்க்கிற மாதிரி வச்சிருக்கு. பிரிட்டன்ல 1936ல ஆரம்பிச்ச மறு அளவைக்காகக் கட்டின கான்கிரீட் தூண்களை ஒண்ணு விடாம ஏறிப் பார்க்கிறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு.

நம்ம ஊர்ல அப்படி ஒரு பட்டியலை நான் பார்த்ததில்லை. நாமே போடலாம். ஒவ்வொரு குறிக்கும் ஆயத்தொலைவு, போட்டோ, பக்கத்துல ஒரு கேச். உங்க பாறையோட லொக்கேஷனை இங்கேயே போடுங்க அண்ணா, இந்த ஞாயித்துக்கிழமையே வந்துடறேன்.

ஓய்வு சர்வேயர், பொள்ளாச்சி

லொக்கேஷன் போடுறதுக்கு முன்னாடி என்னென்ன குறி இருக்குன்னு தெரிஞ்சுக்கறது நல்லது, தம்பி. நான் நில அளவைத் துறையில சங்கிலி இழுத்த காலத்துல இருந்து டோட்டல் ஸ்டேஷன் வரைக்கும் பார்த்தவன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல பெரிய அளவை. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி பரங்கிமலை அடிவாரத்துல லாம்டன்ங்கிற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி அடிக்கோடு, அதாவது கணக்குக்கு அடிப்படையான முதல் கோடு, அளக்க ஆரம்பிச்சாரு. சுமார் 12 கிலோமீட்டர். நூறு அடி எஃகுச் சங்கிலி. அந்த ஒரே கோட்டை வச்சு, கோணத்தை மட்டும் அளந்து, முக்கோணத்து மேல முக்கோணமா அடுக்கிப் போனாங்க. சென்னையில இருந்து மங்களூர் வரைக்கும் போய்ச் சேர்ந்தப்போ, பழைய படத்துல 400 மைல்னு இருந்த தீபகற்பத்தோட அகலம் 360 மைல்தான்னு தெரிஞ்சுது. நாப்பது மைல் நிலம் காகிதத்துல மட்டும் இருந்திருக்கு.

முக்கோணம் கட்டணும்னா ஒரு நிலையத்துல இருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரியணும். அதனாலதான் உச்சி. பெரிய மலைதான் வேணும்னு இல்லை. சமவெளியில தனியா நிக்கிற கரடு போதும். பாலக்காட்டுக் கணவாய் மாதிரி ரெண்டு பக்கமும் மலைச்சுவர் நின்னு நடுவே முப்பது கிலோமீட்டருக்கும் மேல திறந்து கிடக்கிற இடத்துல, நடுவில இருக்கிற சின்னச் சின்னக் கரடுகளுக்கு மதிப்பு அதிகம். நீங்க சொன்ன புள்ளியும் வட்டமும் அந்த வகைக் குறியோட அடையாளம்தான். பாறை இருந்தா பாறையிலேயே வெட்டிடுவாங்க. மண்ணா இருந்தா குறி வெட்டின கல்லைப் புதைச்சு, அதுக்கு மேல தூண் கட்டி, தூண் தலையில இன்னொரு குறி வெட்டுவாங்க. மேல்குறியும் கீழ்க்குறியும் ஒரே தூக்குக்குண்டுக் கோட்டுல நிக்கும். மேல இருக்கிறது போனாலும் கீழே இருக்கிறதை வச்சு இடத்தைத் திரும்ப நிறுத்தலாம். வேலை முடிஞ்சதும் பாதுகாப்புக்குக் கல்லைக் குவிச்சு மூடிட்டுப் போவாங்க. உங்க பாறையைச் சுத்திச் சிதறிக் கிடக்கிறது அந்தக் குவியலா இருக்கலாம்.

ஆனா ஒரு எச்சரிக்கை. பாறையில வட்டம் இருந்தாலே சர்வே குறி இல்லை. நம்ம பக்கம் பெருங்கற்காலத்துக் குழிகள் உண்டு, நெல் குத்தின உரல்குழி உண்டு, குவாரிக்காரங்க போட்டுப் பார்த்த துளையும் உண்டு. உரல்குழி வழவழன்னு உள்ளே அகலமா இருக்கும். துளைபோட்டது நேர் குழாயா ஆழமா இறங்கும். சர்வே குறி ஆழமில்லாம, உளித்தடத்தோட, நடுப்புள்ளி துல்லியமா இருக்கும்.

அடுத்தது மட்டக் குறி, அதாவது பெஞ்ச் மார்க். இது உயரத்துக்கு. இதை உச்சியில தேடி ஏறினா வீண். மட்டம் எடுக்கிறவங்க ஏத்த இறக்கம் குறைவான வழியாத்தான் போவாங்க. அதனால ரோட்டோரம், ரயில் பாதை, வாய்க்கால் கரை. ஆடாத, அசையாத எது இருக்கோ அதுல வெட்டியிருப்பாங்க: பாலத்துக் கைப்பிடிச் சுவர், மதகு, கோயில் படி, பழைய சர்க்கார் கச்சேரிக் கட்டடத்துத் திண்ணை, தரையோட ஒட்டின பாறை. சின்னச் சதுரம், பக்கத்துல இங்கிலீஷ் எழுத்துல ஜி.டி.எஸ். (அந்தப் பெரிய அளவையோட சுருக்கப் பேரு), பி.எம். இந்த உயரம் எல்லாம் 1909ல முடிச்ச கணக்குல இருந்து வருது. அதுக்கு ஒன்பது துறைமுகத்துல கடல் மட்டம் பார்த்தாங்க. நம்ம மேற்கே பேப்பூர், கொச்சி. கிழக்கே சென்னை, நாகப்பட்டினம். ரெண்டு கடலோட கணக்கும் அதுக்குள்ள இருக்கு.

மூணாவது ரெவென்யூ கல்லு. இதுதான் நூத்துக்குத் தொண்ணூறு. புல எல்லைக் கல், கிராம எல்லைக் கல், மூணு கிராமம் கூடுற இடத்து ட்ரை ஜங்ஷன் கல், தியோடலைட்ங்கிற கோணம் அளக்கிற கருவியை வச்ச இடத்துக் கல். இது ஒவ்வொண்ணுக்கும் காகிதத்துல ஆதாரம் இருக்கு. எஃப்.எம்.பி. ஸ்கெட்ச்சுல, அதாவது புலப்படத்துல, எத்தனை லிங்க்ஸ் தள்ளி எந்தக் கல்லுன்னு போட்டிருக்கும். அறுபத்தாறு அடிச் சங்கிலி, நூறு லிங்க்ஸ். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர்.

நாலாவது வனத்துறை. கேரளத்துப் பக்கம் காட்டு ஓரத்துல கல்லடுக்கிக் கட்டின ஜண்டா பார்ப்பீங்க. அதுல நம்பர் எழுதியிருக்கும். அதைப் பார்த்து நிலையம்னு நினைச்சுக் குதிக்க வேண்டாம். அதைத் தாண்டினா காடு. அனுமதியில்லாம போகக் கூடாதுன்னு அர்த்தம்.

கோவை கேச்சர்

சார், கையெடுத்துக் கும்பிடறேன். இவ்வளவும் ஒரே இடத்துல நான் படிச்சதே இல்லை.

ஒரு சந்தேகம். பழைய ஷீட்டுல இருந்து அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்து போன்ல போட்டா நான் எப்பவும் வேற இடத்துல போய் நிக்கிறேன். கரடு அந்தப் பக்கம் இருக்கு, போன் வயலுக்கு நடுவே 'வந்தாச்சு'ங்குது.

ஓய்வு சர்வேயர், பொள்ளாச்சி

போன்மேல தப்பில்லை. பழைய ஷீட் எவரெஸ்ட் நீள்கோளத்தை, அதாவது பூமியோட வடிவத்துக்கு அன்னைக்குப் போட்ட கணக்கை, வச்சுப் போட்டது. 1830ல கணக்குப் பண்ணினது. நம்ம போன் டபிள்யூஜிஎஸ் 84, ஜிபிஎஸ்ஸோட கணக்கு. நம்ம பக்கத்துல ரெண்டுக்கும் நடுவே நூறு மீட்டருக்கும் மேல தள்ளிப் போகும். மாத்திக் கொடுக்கிற மென்பொருள் இருக்கு. அது இல்லேன்னா எளிய வழி ஒண்ணு: அதே ஷீட்டுல நல்லாத் தெரியிற ரெண்டு மூணு இடத்தை எடுத்துக்கோங்க. ரயில்வே கிராசிங், அணை மதகு, பழைய கோயில். ஷீட் சொல்ற இடத்துக்கும் போன் சொல்ற இடத்துக்கும் எந்தத் திசையில எவ்வளவு வித்தியாசம்னு பாருங்க. அதே வித்தியாசத்தைக் குறிக்கும் போடுங்க. பக்கத்துல போய்ட்டீங்கன்னா அதுக்கப்புறம் போனைப் பையில வச்சிடுங்க. கண்ணுதான் வேலை செய்யணும்.

சாரல் காத்து, தென்காசி

சர்வேயர் அண்ணாச்சி எழுதினதைப் பிரிண்ட் எடுத்து வச்சுக்கிட்டேன்.

எங்க செங்கோட்டைப் பக்கமும் இதே கதைதான். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்ல, கடைசியில திருவிதாங்கூர்-கொச்சியில, இருந்த ஊரு. ஆரியங்காவு கணவாய்க்கு இந்தப் பக்கமும் சமஸ்தானம் இறங்கி வந்திருந்தது. அதனால பழைய எல்லை மலை முகட்டுல இல்லை. இங்கே கீழே, வயக்காட்டுக்கு நடுவே இருந்தது. இப்போ மாநில எல்லை மேலே போயிட்டதால கீழே இருக்கிற பழைய கல்லு எல்லாம் கேட்பாரில்லாம நிக்குது. வேலிக்கல்லா, மாடு கட்டுற முளையா, துணி துவைக்கிற கல்லா ஆயிட்டது.

திருவிதாங்கூர், கொச்சி ரெண்டையும் 1816ல இருந்து 1820 வரைக்கும் வார்டு, கானர்னு ரெண்டு லெப்டினன்ட்டுகள் அளந்தாங்க. அந்த நினைவுக் குறிப்பு அச்சாகி வந்திருக்கு. ஊர் ஊரா, ஆறு ஆறா, கணவாய் கணவாயா எழுதியிருக்காங்க. கல்லு தேடப் போறவங்க ஷீட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அதைப் படிக்கணும்னு சொல்வேன். எந்த வழியா ஆளுங்க நடந்தாங்கன்னு தெரிஞ்சா கல்லு எங்கே இருக்கும்னு பாதி தெரிஞ்ச மாதிரி.

கொச்சிக்கும் திருவிதாங்கூருக்கும் நடுவே நட்ட கல்லுல ஒரு பக்கம் மலையாள எழுத்துல 'கொ', மறு பக்கம் 'தி'ன்னு வெட்டியிருக்கும். கொதிக்கல்லுன்னே பேரு. சித்தூர்ப் பக்கம் கொச்சிக்கும் மதராஸுக்கும் நடுவே அந்த மாதிரி எழுத்து வெட்டின கல்லு யாராவது பார்த்திருக்கீங்களா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்

சர்வேயர் ஐயாவுக்கு ரொம்ப நன்றிங்க. தென்காசி அண்ணாச்சி, எழுத்து வெட்டினது இதுவரைக்கும் எனக்குக் கிடைக்கலை. தேய்ஞ்சு போன கோடுகளோட ரெண்டு கல்லு இருக்கு. மாவு தூவியும் படிக்க முடியலை.

ஒரு விஷயம் எல்லாரும் மனசுல வச்சுக்கணும். எங்க ஊர்ப் பக்கம் கையில ஜிபிஎஸ்ஸோட எல்லைக்கல்லைக் குனிஞ்சு பார்த்தா, அரை மணி நேரத்துல நாலு பேர் வந்து நிப்பாங்க. கேரளத்துல 2022ல டிஜிட்டல் ரீசர்வே ஆரம்பிச்சப்போ எல்லையோர ஊர்கள்ல பெரிய பேச்சாச்சு. இந்தப் பக்கத்து நிலம் அந்தப் பக்கம் போயிடுமோன்னு பயம். பட்டா தமிழ்நாட்டுல, வீடு கேரளத்துல, கிணறு நடு வரப்புல, இப்படி இருக்கிற குடும்பங்கள் உண்டு. அவங்களுக்கு அந்தக் கல்லு சோத்துல கை வைக்கிற விஷயம்.

அதனால நான் முதல்ல டீக்கடையில உட்கார்ந்திடுவேன். யாரு நிலம், யாரு பெரியவர்னு விசாரிச்சு, அவரைப் பார்த்து, 'பழைய கல்லைப் படம் எடுத்துக்கறேனுங்க, தொட மாட்டேன், அளக்க மாட்டேன்'னு சொல்லிட்டுத்தான் இறங்குவேன். பல நேரம் அவரே கூட வருவாரு. ஷீட்டுல இல்லாத கல்லு ஒண்ணு அவர் காட்டினதுதான். சின்ன வயசுல அதுமேல உட்கார்ந்து எருமை மேய்ச்சேன்னு சொன்னாரு.

கணக்கு டீச்சர், சித்தூர்

கொழிஞ்சாம்பாறை அண்ணன் சொன்னது ரொம்பச் சரி. ஆனா தம்பி கேட்ட மாதிரி லொக்கேஷனை எல்லாரும் பார்க்கிற இடத்துல போடுறதுக்கு நான் எதிர்ப்பு.

காரணத்தைச் சொல்றேன். எங்கம்மா ஊர்ல, வயலோரத்துல ஒரு குறிக்கல் இருந்தது. சதுரமா, தலையில கூட்டல் குறியோட. நாங்க பிள்ளைங்களா இருந்தப்போ அதுதான் எங்க ஓட்டப்பந்தயத்துக்கு எல்லை. யாரோ அதை போட்டோ எடுத்து, 'வெள்ளைக்காரன் வச்ச ரகசியக் குறி'ன்னு வாட்ஸ்அப்ல விட்டாங்க. ஒரு ராத்திரியில வந்து தோண்டிப் போட்டுட்டாங்க. புதையல் இருக்குன்னு. காலையில பார்த்தா இடுப்பளவு குழி, கல்லு ரெண்டா உடைஞ்சு கிடந்தது. அடியில என்ன இருந்திருக்கும்? மண்ணு, கொஞ்சம் கரித்துண்டு, அவ்வளவுதான்.

புள்ளி, வட்டம், முக்கோணம், அம்பு. இந்தக் குறி எதைப் பார்த்தாலும் புதையல்னு நம்புறவங்க நம்ம ஊர்ல இன்னும் இருக்காங்க. அவங்க கையில வழியும் கொடுத்து, 'இதோ இங்கே'ன்னு அம்புக்குறியும் போட்டுக் கொடுக்கணுமா? அதுலயும் பக்கத்துலயே ஒரு பெட்டியை ஒளிச்சு வச்சா, கல்லுக்குக் கீழே ஏதோ இருக்குன்னு நாமே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

கோவை கேச்சர்

டீச்சர், நீங்க சொன்னதைப் படிச்சு மனசு கஷ்டமாயிடுச்சு. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு, கேளுங்க.

யாருக்கும் தெரியாம இருந்தாலும் கல்லு போயிடுது. ரோடு அகலப்படுத்துறப்போ ஒரு பழைய பாலத்தை இடிச்சாங்க. அதுல மட்டக் குறி இருந்தது. எனக்குத் தெரியும், ஏன்னா இடிக்கிறதுக்கு முன்னாடி நான் அந்தச் சுவர்ல உட்கார்ந்து இளநி குடிச்சிருக்கேன். போட்டோ எடுக்கணும்னு தோணலை. வேலை பார்த்த ஒப்பந்ததாரருக்கு அது என்னன்னே தெரியாது. யாராவது அவர்கிட்ட பட்டியலைக் காட்டி, 'இது இருக்கு, இதைத் தனியா எடுத்து வைங்க, துறைக்குச் சொல்லுங்க'ன்னு கேட்டிருந்தா ஒருவேளை கேட்டிருப்பாரு. பட்டியலே இல்லாதப்போ யாரு கேட்கிறது?

ஒளிச்சு வச்சா தோண்டுறவன் கையில இருந்து தப்பிக்கும். புல்டோசர்கிட்ட இருந்து தப்பிக்காது.

பெட்டியைப் பத்தி ஒரு வார்த்தை. ஜியோகேச்சிங் விதியிலேயே அனுமதியில்லாம மண்ணைத் தோண்டிப் பெட்டி வைக்கக் கூடாது. நில உடைமையாளர் அனுமதி வேணும். ஒழுங்காச் செய்றவங்க யாரும் கல்லுக்கு அடியில வைக்க மாட்டாங்க.

ஓய்வு சர்வேயர், பொள்ளாச்சி

ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச நடைமுறையைச் சொல்றேன்.

டீச்சர் சொன்ன கரித்துண்டு முக்கியம். சில இடத்துல கல்லுக்கு அடியில கரி போடுவாங்க. கரி மக்காது. மேல் கல்லு காணாம போனாலும் அந்த இடத்தைத் தோண்டுற சர்வேயருக்கு, 'இங்கேதான் இருந்தது'ன்னு சாட்சி சொல்லும். அதையும் தோண்டி வெளியே எறிஞ்சாச்சுன்னா இடமே தொலைஞ்சு போச்சு. அந்த மூலையை நம்பியிருந்த நாலு பேர் வரப்பும் போச்சு. குறிக்கல்லை அழிக்கிறதும் நகர்த்துறதும் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்துல 434-ஆம் பிரிவு அதுக்குன்னே இருந்தது, ஒரு வருஷம் வரைக்கும் சிறை. தமிழ்நாட்டுல 1923-ஆம் வருஷத்து அளவை எல்லைச் சட்டம், கேரளத்துல 1961-ஆம் வருஷத்துச் சட்டம், ரெண்டும் இன்னும் நடப்புல இருக்கு.

அதனால சாஞ்சு கிடக்கிற கல்லைப் பார்த்தா பாவம்னு நிமிர்த்தி வைக்காதீங்க. நல்ல மனசோடத்தான் செய்வீங்க, ஆனா அரை அடி தள்ளி நட்டுட்டீங்கன்னா அது பொய் சொல்ற கல்லாயிடும். காணாம போன கல்லை விட பொய் சொல்ற கல்லு ஆபத்து. சாஞ்சது சாஞ்ச மாதிரியே இருக்கட்டும். போட்டோ எடுத்து வி.ஏ.ஓ.வுக்கோ, அந்தப் பக்கம்னா வில்லேஜ் ஆபீசுக்கோ எழுதிக் கொடுங்க.

அப்புறம் பதிவு. வெறும் ஆயத்தொலைவை விட மதிப்புள்ளது ஒண்ணு இருக்கு. கல்லுல இருந்து அசையாத மூணு பொருளுக்கு டேப்ல தூரம் எடுங்க. கிணத்து விளிம்பு, கோயில் மூலை, மதகுச் சுவர். மரம் வேண்டாம், வெட்டிடுவாங்க. மின்கம்பமும் வேண்டாம், மாத்திடுவாங்க. மூணு தூரம் இருந்தா, கல்லு மண்ணுல மூடிப் போனாலும் யாரு வேணா மூணு வட்டம் போட்டு அதே இடத்துக்கு வந்திடலாம். போன் அஞ்சு மீட்டர் பிழை காட்டும். டேப் விரக்கடைக்குள்ள நிறுத்தும். இதுக்கு நில உடைமைக்காரர் சம்மதம் வேணும். முதல்லயே கேட்டுடுங்க, கொழிஞ்சாம்பாறைத் தம்பி செய்ற மாதிரி.

எல்லைச்சாமி, பள்ளிப்பட்டு

நான் ஆந்திர எல்லையில இருந்து எழுதறேன். திருத்தணி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் சித்தூர் மாவட்டத்துல இருந்து இந்தப் பக்கம் வந்தது. உங்க சித்தூர் இல்லை, எங்க சித்தூர். எங்க பக்கமும் எல்லை மாறின ஊரு, அதனால கல்லுக்குப் பஞ்சமில்லை.

எங்களுக்கு வழிகாட்டி ஆடு மேய்க்கிறவங்கதான். எந்தக் குன்றுல எந்தப் பாறைல குறி வெட்டியிருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேச்சு. ஷீட்டைக் காட்டினா புரியாது. தரையில குச்சியால வட்டமும் புள்ளியும் போட்டுக் காட்டினா உடனே கையை நீட்டிடுவாங்க.

லொக்கேஷன் விஷயத்துல நான் டீச்சர் பக்கம். எங்க பக்கமும் பாறையை வெடி வச்சுப் பார்த்த இடம் இருக்கு.

முக்கடல், நாகர்கோவில்

சர்வேயர் அய்யா லாம்டனைச் சொன்னாருல்லா. எங்க பக்கத்துப் பங்கையும் சொல்லிடுதேன். 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டித் தெற்கு வடக்கா முக்கோணம் அடுக்கி அளந்த 'பெரிய வளைவு' கன்னியாகுமரிப் பக்கத்துல இருந்துதான் வடக்கே போச்சு. மலையே இல்லாத சமவெளியில கோபுரம்தான் உச்சி. 1808ல தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்து மேல தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏத்தினப்போ, கயிறு அறுந்து கருவி சுவர்ல மோதிடுச்சு. அரை டன் எடை. வட்டத் தட்டு நெளிஞ்சு போச்சு. கூடாரத்துக்குள்ள பல வாரம் உட்கார்ந்து அவரே தட்டி நிமிர்த்திச் சரி பண்ணினாரு. அதே கருவியோட அப்புறமும் வேலை நடந்தது.

மட்டக் குறி மட்டுமில்ல, தெற்கே கோயில் மேலயும் நிலையம் இருந்திருக்கு. அதனால தேடுதவங்க கோபுரத்தை விட்டுடாதீங்க. ஆனா அதுக்குக் கோயில் அனுமதி இல்லாம நடக்காது. கீழ இருந்து கும்பிட்டுட்டு வந்துட வேண்டியதுதான்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

எல்லாத்தையும் படிச்சுட்டு யோசிச்சேன். என் முடிவைச் சொல்லிடறேனுங்க, ஒத்துக்கிறவங்க ஒத்துக்கலாம்.

என் பாறைக்குப் பக்கத்துல கேச் வைக்கப் போறதில்லை. கடலைக்காட்டுக்காரர் வேண்டாம்னுட்டாரு, அதுவே போதும். கேச் வேணும்னா பஸ் நிறுத்தத்துப் பக்கம் வைக்கலாம். அதைத் திறந்தா உள்ளே ஒரு சீட்டு. சர்வே குறின்னா என்ன, எப்படிப் பார்க்கணும், எதைத் தொடக் கூடாதுன்னு தமிழ்லயும் மலையாளத்துலயும் எழுதினது. கரட்டுக்கு வழி சீட்டுல இருக்காது. டீக்கடையில கேட்டாத்தான் கிடைக்கும். கேட்கிறவனை ஊர் பார்த்துக்கும்.

பட்டியல் போடணும்னு தம்பி சொல்றதுலயும் எனக்குச் சம்மதம். ரெண்டு பட்டியலாப் போடுவோம். எல்லாரும் பார்க்கிறதுல ஊர்ப் பேர், குறியோட வகை, கிட்டத்துப் போட்டோ மட்டும். போட்டோவுல அடையாளம் தெரியிற மரமோ வீடோ இருக்கக் கூடாது. இடம், மூணு தூர அளவு எல்லாம் இன்னொரு நோட்டுல. அதோட ஒரு பிரதி வி.ஏ.ஓ. கையில, ஒண்ணு வில்லேஜ் ஆபீசுல. ரோட்டு வேலை வர்றப்போ அதை வச்சுக் கேட்கலாம். பாலம், மதகு, ரயில்வே நிலையம் மாதிரி பொது இடத்து மட்டக் குறிக்கு மட்டும் இடத்தையும் வெளியே சொல்லலாம். அங்கே யாரும் புதையல் தோண்டப் போறதில்லை, இடிக்கத்தான் போறாங்க. அதுக்கு நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கிறதே காவல்.

கணக்கு டீச்சர், சித்தூர்

இது நல்லாயிருக்கு. பொது இடத்துக் குறிக்கு எனக்கு ஆட்சேபணை இல்லை. என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரலாமா? முக்கோணவியல் நடத்துறப்போ கரும்பலகையில மலையை வரைஞ்சு வரைஞ்சு அலுத்துப் போச்சு. ஒரு பக்கமும் ரெண்டு கோணமும் தெரிஞ்சா மீதி ரெண்டு பக்கம் கிடைக்கும்னு, அதே கணக்கு நடந்த இடத்துலயே காட்டலாம்.

கோவை கேச்சர்

ரெண்டு பட்டியல் எனக்கு ஓகே அண்ணா. பொதுப் பட்டியலை நான் பார்த்துக்கறேன். பொள்ளாச்சி–பாலக்காடு ரயில் பாதை 1932ல போட்டது, அகலப்பாதையா மாத்தினப்போ பழைய கட்டுமானத்துல எது எது மிஞ்சியிருக்குன்னு அந்த வழியாவே சைக்கிள்ல போய்ப் பார்க்கிறேன். பாதைக்குள்ள இறங்க மாட்டேன், ரோட்டுல இருந்துதான்.

டீச்சர், பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க. கடலைக்காட்டுக்காரர்கிட்ட அண்ணன் கேட்டுச் சொல்வாரு.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

கேட்டுட்டேனுங்க. கடலை பிடுங்கி முடியட்டும், அதுக்கப்புறம் எத்தனை பேர் வேணா வாங்கன்னாரு. இப்போ வந்தா செடியை மிதிச்சுடுவாங்கன்னு பயம்.

ஓய்வு சர்வேயர், பொள்ளாச்சி

அப்போ நானும் வர்றேன். என்கிட்ட பழைய சங்கிலி ஒண்ணு இருக்கு, அறுபத்தாறு அடி, பித்தளைப் பில்லை எல்லாம் அப்படியே இருக்கு. பிள்ளைங்களை ரெண்டு முனையும் பிடிக்க விடலாம். முப்பது மீட்டர் டேப் ஒண்ணும், தூக்குக்குண்டும் யாராவது கொண்டு வாங்க. டார்ச் லைட்டும் வேணும். பகல்லயே துணியால நிழல் கட்டி, டார்ச்சைத் தரையோட படுக்க வச்சு அடிச்சா, கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்குப் படிக்க முடியாத அந்த ரெண்டு கல்லுலயும் எழுத்து இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும். சுண்ணாம்பும் பெயிண்டும் யாரும் கொண்டு வர வேண்டாம்.